நடுவில் தேய்ந்த டயர்

அத்தியாயம் 14

சேற்றில் விழுந்தவனுக்கு முழங்கால் இப்படிச் சிராய்க்குமா என்று போன கிழமை நஸ்லியா மருந்து பூசிக்கொண்டே யோசித்தாள். யோசித்தாளே தவிர வாய் திறந்து கேட்கவில்லை. பஞ்சை மடித்துக் கட்டிவிட்டு, புருஷனுக்குத் தேத்தண்ணீர் ஊற்றப் போய்விட்டாள்.

விழுந்தவன் முஸ்தாக். மருதமுனையில் நஸ்லியாவின் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து மூன்று வருஷம். புளியடி வட்டையில் இருக்கும் குடும்பத்து வயலைப் பார்க்கப் போகும்போது, வாய்க்கால் கட்டில் ஹொண்டா மோட்டார் சைக்கிள் சறுக்கிவிட்டதாகச் சொன்னான். டயர் சரியில்லையாம்.

மாமியார் சுபைறா உடனே மகன் றஸாக்கைப் பார்த்து, "மருமகன் கேக்கிற டயரையே போட்டுக் குடு மகன். மறுகதை கதைக்காத" என்றாள்.

மாப்பிள்ளையின் சோற்றுக் கோப்பையில் மீனின் நடுத்துண்டை வைக்கிற கை, டயரிலும் அதைத்தான் செய்கிறது என்று றஸாக் நினைத்துக்கொண்டான். உம்மாவைப் பற்றி அவன் நினைத்தது எவ்வளவு பிழை என்பது இந்தத் திங்கட்கிழமைதான் அவனுக்கு விளங்கியது.

*

தொண்ணூற்றேழாம் ஆண்டு மாரி நல்ல பலமாகவே தொடங்கியிருந்தது. இரவு முழுக்கப் பெய்த மழை விடியத்தான் ஓய்ந்தது. கல்முனைப் பிரதான வீதியில் தன் டயர் கடையின் பலகைகளைக் கழற்றி அடுக்கிவிட்டு, வாசலில் நின்ற தண்ணீரை றஸாக் தும்புத்தடியால் தள்ளிக்கொண்டிருந்தான்.

வயது முப்பத்தாறு. நஸ்லியாவுக்கு ஒரே காக்கா, கூடப்பிறந்த அண்ணன். வாப்பா ஆதம்பாவா மவுத்தாகிக் கண்மூடிய வருஷம் இந்தக் கடைக்குள் இறங்கியவன். தங்கைக்கு வீடு கட்டி முடிக்காமல் காக்கா தன் கலியாணத்தைப் பேசுவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை அங்கே வந்து சேருவார். பெற்றவளும் ஆண் மக்களும் அதே வளவின் பின்பக்கம் ஒரு சின்ன வீட்டுக்குள் ஒதுங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

றஸாக் ஆறு வருஷம் கட்டினான். கட்டி முடிந்தபோது தலை பாதி நரைத்துவிட்டது. பிறகு அவனைப் பார்க்க வந்த பெண் வீட்டார், மாப்பிள்ளைக்கு வயது போய்விட்டது என்று பல்லைக் காட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்கள். இதை அவன் வீட்டில் ஒருவரிடமும் சொல்லிக் காட்டியதில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டான், அதற்குக் கணக்கில்லை.

எட்டரை மணிக்கு முஸ்தாக் ஹொண்டாவைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். இஸ்திரி போட்ட சேட், இடுப்பில் வெள்ளைச் சாறன்.

"மச்சான், டயர் வந்திட்டா?"

"வந்திரிக்கி. இரிங்க, காட்டுறன்."

றஸாக் உள்ளேயிருந்து ஒரு சோடி டயரை உருட்டி வந்தான். கட்டை கட்டையாக ஆழ வெட்டிய முரட்டு டயர்.

"இதப் போட்டா வாய்க்கால் கட்டுல என்ன மழை பெஞ்சாலும் ஹொண்டா அசையாது. சேத்த வாரி எறிஞ்சிட்டுப் போகும். உங்களுக்கெண்டே எடுத்து வெச்ச."

முஸ்தாக் அதைத் தொட்டும் பார்க்கவில்லை. அவன் கண் மேலே கொழுக்கியில் தொங்கிய இன்னொரு சோடியில் நின்றது. நல்ல கறுப்பு. நடுவிலிருந்து ஓரத்துக்கு வளைந்து இறங்கும் மெல்லிய வெட்டுகள்.

"அது என்ன டயர்?"

"அது வயலுக்குச் சரிவராது. தூரப் பயணம் போற ஆக்கள் கேக்கிற சாமான்."

"சொல்லுங்களன், கேப்பம்."

டயரைப் பற்றிக் கேட்டால் றஸாக்குக்கு வேறு எதுவும் ஞாபகம் இருக்காது. அது அவனுடைய பலவீனம். தொங்கிய டயரை இறக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"தார் ரோட்டு டயருல மூணு சாதி இரிக்கி மச்சான். ஒண்டு கடும் ரப்பர். ரெண்டு வருசம் போனாலும் தேயாது, ஆனா ரோட்டு நனைஞ்சா சவுக்காரம் மாதிரி வழுக்கும். மத்தது மெத்துன ரப்பர். ரோட்டப் பிடிச்சா விடாது, ஆனா நாலு மாசத்துல மொட்டையாயிடும். இது ரெண்டுக்கும் நடுவுல உள்ளது. மழைக்குள்ள பிறேக் அடிச்சா நிக்கும். வளைவுல சரிச்சாலும் பிடிக்கும். கெதியாத் தேயவும் மாட்டா. வேகமும் வேணும், தூரமும் வேணும் எண்டு கேக்கிறவனுக்குச் செஞ்ச டயர்."

"அப்ப இதப் போடுங்க."

"மச்சான், மாரி தொடங்கிட்டு. இந்த வெட்டுக்குள்ள சேறு அப்பினா ஹொண்டா ஒரு அடி நகராது. வட்டைக்கு எப்பிடிப் போவீங்க?"

"எந்த நேரமும் வட்டைக்குள்ளயா ஓட்டுறன்? உங்கட தங்கச்சிக்கு இது ஏழாம் மாசம். கிளினிக்குக்கு ஏத்திட்டு வரக்குள்ள தார் ரோட்டுல சறுக்கினா ஆரு பதில் சொல்ற?"

றஸாக் டயரை மடியிலிருந்து இறக்கினான். முஸ்தாக் வட்டைக்குச் சைக்கிளில் போய்க்கொள்வான் போலும் என்று சமாதானம் செய்துகொண்டான். தங்கையின் வயிற்றுப் பிள்ளையை நினைத்து ஒரு மனுஷன் டயர் தெரிவு செய்கிறான் என்பதில் அவனுக்குக் கொஞ்சம் மனம் குளிர்ந்தும் போனது. அந்தக் குளிர்ச்சியை நினைத்துப் பிற்பகலில் அவன் தன்னையே ஏசிக்கொண்டான்.

"சரி. இதையே போடுறன். ஆனா ஒண்டு. புது டயர்ல அச்சுல வார்க்கக்குள்ள பூசின மினுக்கு இரிக்கும். முதல் அம்பது மைல் வழுக்கும். அது உரிஞ்ச பொறகுதான் ரோட்டப் பிடிக்கும். அதுவரைக்கும் மெதுவா ஓட்டணும்."

"ஓம் ஓம். நான் உரக் கடைக்குப் போயிட்டு பின்னேரம் அஸர் தொழுதிட்டு வாறன்."

முஸ்தாக் குடையை விரித்துக்கொண்டு போனான். உள்ளங்கால் பிசகாமல், தண்ணீர் தேங்காத இடமாகப் பார்த்துக் கால் வைத்தான்.

*

பின் சில்லைக் கழற்றி, காற்றை இறக்கி, லீவரால் நெம்பி டயரை வெளியே எடுத்தபோது றஸாக்கின் கை நின்றது.

இந்த டயரை வைகாசியில் போட்டதும் அவன்தான். இதுவும் வயலுக்கான முரட்டு டயர். ஆறு மாசம் வட்டைக்குப் போய் வந்திருந்தால் அதன் ஓரங்கள் கல்லில் அடிபட்டுப் பிய்ந்திருக்க வேண்டும். வெட்டுகளுக்குள் சிவப்புக் கிறவல் கல்லும் களிமண்ணும் இறுகியிருக்க வேண்டும்.

ஓரங்கள் புதிதாகவே இருந்தன. வார்க்கும்போது வரும் ரப்பர் மயிர்கள்கூட அங்கங்கே விழாமல் நின்றன. நடுப்பகுதி மட்டும் சுற்றிவரத் தட்டையாகத் தேய்ந்து, உள்ளே நூல் தெரியும் அளவுக்கு வந்திருந்தது. வெட்டுக்குள் ஒரு துண்டு களி இல்லை.

முன் டயரையும் கழற்றிப் பார்த்தான். அதுவும் அப்படியே.

இப்படித் தேய்வதற்கு ஒரே ஒரு வழிதான் உண்டு. நேரான தார் ரோட்டில், வேகமாக, நெடுந்தூரம், கிழமையில் பல நாள் ஓட வேண்டும். வட்டைக்குப் போகும் பாதையில் தார் கால் மைலுக்கு மேல் இல்லை.

இருபது வருஷம் டயர் பார்த்தவனுக்கு இதை ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. முழங்கால் காயமும் இப்போது விளங்கியது. களியில் விழுந்தால் உடுப்புத்தான் பாழாகும், தோல் உரியாது.

றஸாக் கடையை இரண்டு பலகை போட்டு மறைத்தான். பழைய டயரைத் தன் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வடக்கே மருதமுனைக்கு மிதித்தான். பாண்டிருப்புச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் மறித்து, ரோட்டில் கொளுத்தவா இந்த டயர் என்று அரைகுறைத் தமிழில் கேட்டான். வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்றான் றஸாக். தேய்ந்த டயரை வீட்டுக்குக் கொண்டுபோகிற பைத்தியக்காரனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஆமிக்காரன் கையைக் காட்டினான்.

*

பின்வீட்டுக் குசினிக்குள் சுபைறா இறால் உரித்துக்கொண்டிருந்தாள். மகன் டயரோடு வந்து நின்றதைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

"உம்மா, இதப் பாருங்க."

"டயரு. இதப் பாத்து நான் என்ன செய்ய?"

"இது வயலுக்குப் போன டயர் இல்ல. நடுவுல தேஞ்சிரிக்கி. தார் ரோட்டுல தூரப் பயணம் ஓடின டயர். ஆறு மாசமா இவர் வட்டைக்குப் போகல்ல. வேற எங்கயோ போறார்."

சுபைறா இன்னும் இரண்டு இறாலை உரித்தாள்.

"மெதுவாக் கதை. அவள் முன்னுக்கு இரிக்கிறாள்."

றஸாக் டயரைக் கீழே வைத்தான்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"அக்கரைப்பத்துக்குப் போறார்."

"அந்த லைலாட ஊட்டுக்கா?"

"அந்தப் பேர இந்த வளவுக்குள்ள சொல்லாத மகன்."

அந்தப் பெயர் றஸாக்குக்குப் புதிதில்லை. முஸ்தாக்கின் மாமி மகள். சின்ன வயதிலிருந்தே அவனுக்கென்று பேசி வைத்திருந்த பெண். தொண்ணூறில், யுத்த நாட்களில், வயலுக்குப் போன அவளுடைய வாப்பாவும் காக்காவும் திரும்பி வரவில்லை. அதோடு அந்த வீட்டில் ஆண் இல்லை. லைலாவுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுக்க ஆள் இல்லை. நஸ்லியாவுக்கு றஸாக் இருந்தான்.

தரகர் வந்து, மாப்பிள்ளையின் வாப்பாவுக்குச் சம்மதம், மாப்பிள்ளைதான் கொஞ்சம் இழுக்கிறார் என்றபோது, வீட்டோடு புது ஹொண்டாவும் தருகிறோம் என்று சொன்னது யார்? றஸாக்தான். அந்த இன்னொரு பெண்ணைப் பற்றித் தரகர் மறைக்கவில்லை. கேட்டுக்கொண்டுதான் றஸாக் ஹொண்டா என்று சொன்னான். தன் தங்கை கரையேறினால் போதும் என்று நினைத்தான். பிறகு அந்தப் பெயரை வசதியாக மறந்துவிட்டான்.

"எப்ப தெரியும் உம்மா?"

"ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் பொறகு. நிந்தவூர்க் கலியாண ஊட்டுல ரெண்டு பொம்புளயள் கதைச்சத என்ட காதால கேட்டன். கிழமைக்கு நாலு நாள் ஹொண்டா அந்தப் பக்கம் போகுதாம்."

"தெரிஞ்சிட்டுத்தானா அவர் கேக்கிற டயரப் போட்டுக் குடு எண்டு எனக்கிட்டச் சொன்னீங்க?"

"ஓம். தெரிஞ்சுதான் சொன்னன்."

சுபைறா கையைக் கழுவினாள். சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு மகனை நேராகப் பார்த்தாள்.

"போன கிழமை முழங்காலோட வந்தார். அடுத்த கிழமை உசிரில்லாம மையத்தா வந்தா என்ன செய்ய? வகுத்துல புள்ளயோட என்ட மகள் விதவையா இத்தா இரிக்கிறதா? போறவரப் பிடிச்சிக் கட்டி வைக்க எனக்கு ஏலா. ஆனா போனவர் திரும்பி வரணும். அதுக்கு நல்ல டயர் வேணும். பொழுதுபட மஃரிபுக்கு அவர்ர செருப்பு அந்த வாசல்ல கிடக்கணும். ஊரு அதத்தான் பாக்கும்."

"ஊரு பாக்கிறதுக்காகவா உம்மா நான் ஆறு வருசம் கல்லடுக்கின?"

"கட்டின நீதான். இல்லையெண்டு ஆரு சொன்ன? வெறும் ஊட்டுக்குள்ள அவள் தனிய இரிந்து என்ன செய்ய? ஒரு புள்ளயோட திரும்பவும் ஒரு மாப்பிள்ளை தேட உனக்கு இன்னும் ஆறு வருசம் இரிக்கா?"

பெற்றவள் கேட்கும் கேள்வியா இது? றஸாக் சுவரில் சாய்ந்தான். கோபம் உம்மா மீதா, முஸ்தாக் மீதா, தன் மீதா என்று அவனால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"ஹொண்டா குடுத்தா வருவார் எண்டு நினைச்சம். வந்தார். போறதுக்கும் அதையேதான் எடுத்திட்டுப் போறார்" என்றான்.

"போய் டயரப் போடு மகன்."

"நஸ்லியாக்குத் தெரியுமா?"

"தெரியா. தெரியவும் கூடாது. புள்ளப் பெறும்வரைக்கும் வாயத் திறந்திடாத."

றஸாக் டயரைத் திரும்பக் கரியரில் கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது நஸ்லியா முன்வீட்டுக் கூரை இறக்கத்தில் கொடி கட்டி உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கையை இடுப்பில் ஊன்றி, மறு கையால் முஸ்தாக்கின் சாறன்களை விரித்தாள். மூன்று சாறன். மூன்றும் வெள்ளை வெளேரென்று இருந்தன.

"டயர் போட்டாச்சா காக்கா?"

"இன்னும் இல்ல புள்ள. போய்த்தான் போடணும்."

அவள் அவனுடைய கரியரில் கட்டியிருந்த பழைய டயரைப் பார்த்தாள். எதற்கு இது இங்கே வந்தது என்று கேட்கவில்லை. அடுத்த சாறனை எடுத்து உதறினாள்.

*

கடை மூலையில் ஒரு ரீபில்ட் டயர் கிடந்தது. தேய்ந்த டயருக்கு மேல் புது ரப்பர் ஒட்டி விற்பது. பார்வைக்குப் புதிது. மாட்டு வண்டிச் சில்லு போல் மெல்ல உருண்டால் ஒன்றும் ஆகாது. வேகமாக ஓடினால் ஒட்டு விட்டுப்போகும்.

றஸாக்கின் கண் அந்த டயர் மேல் ஒரு நிமிஷம் நின்றது. அவன் நல்லவன்தான், ஆனாலும் நின்றது. அதை நான் மறைக்கப் போவதில்லை.

பிறகு கொழுக்கியிலிருந்து அந்தத் தூரப் பயண டயர்களை இறக்கினான். ஓரத்தில் போட்டிருந்த அம்புக்குறி சில்லு சுற்றும் பக்கம் பார்க்கிறதா என்று இரண்டு முறை பார்த்தான். டியூபுக்குப் பவுடர் தூவினான். விளிம்பில் சவுக்காரத் தண்ணீர் தடவி, லீவரால் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி உள்ளே ஏற்றினான். தன் தங்கையின் புருஷன் இன்னொரு பெண்ணின் தெருவுக்குப் போய்விட்டுப் பத்திரமாகத் திரும்பி வருவதற்காக, இருபது வருஷத் தொழிலில் இவ்வளவு கவனமாக அவன் ஒரு டயரும் போட்டதில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கவில்லை, கையெல்லாம் பவுடர்.

அஸர் தொழுகை முடிந்து சனம் பள்ளிவாசலிலிருந்து கலைந்த நேரம் முஸ்தாக் வந்தான். மழை மறுபடியும் தூறத் தொடங்கியிருந்தது.

"மச்சான், முடிஞ்சா?"

"இரி."

மூன்று வருஷமாக இந்த மாப்பிள்ளையிடம் 'இரிங்க' என்று சொல்லிப் பழகிய வாய். இன்றைக்கு 'இரி' என்று வந்தது. இரண்டு பேருக்கும் அது கேட்டது. முஸ்தாக் உட்காரவில்லை.

"அக்கரைப்பத்துக்கு இஞ்ச இருந்து எத்தின மைல்?"

றஸாக் பழைய டயரை எடுத்து முஸ்தாக்கின் காலடியில் போட்டான். அது ஒரு பக்கம் ஆடி ஓய்ந்தது.

"நான் போட்டுத் தந்தது வயல் டயர். நீ தேச்சிட்டு வந்திரிக்கிறது தார் ரோட்டுல. எத்தின மைல் எண்டு கேட்டன்."

"பதினாறு."

"எங்க உழுந்த?"

"நிந்தவூர்ல. மாடு குறுக்க வந்திட்டு."

பொய் சொல்வான் என்று எதிர்பார்த்த றஸாக்குக்கு இந்த உண்மை இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"அந்தப் புள்ளய வெச்சிரிக்கிறயா?"

"வல்லாஹி, நான் அந்த ஊட்டுப் படி மிரிக்கல்ல மச்சான். அவளோட ஒரு வார்த்தை கதைக்கவும் இல்ல."

"பொறகு என்னத்துக்குப் போற?"

"தெருவால போவன். அவட வேலிக்கிட்ட வேகத்தக் குறைப்பன். தையல் மெசின் சத்தம் கேக்கும். பொறகு திரும்பி வருவன்."

"அதுக்காகவா நாளைக்கு முப்பத்திரெண்டு மைல்?"

"நீங்கதானே என்ன அங்க இருந்து எடுத்திட்டு வந்த. ஊட்டையும் ஹொண்டாவையும் காட்டி எங்கட வாப்பாட வாய அடைச்சது ஆரு? எனக்கிட்ட ஒருத்தராவது கேட்டதா?"

"வாணாம் எண்டு சொல்ல உனக்கு வாய் இல்லையா? சாவிய வாங்கக்குள்ள கை நல்லா நீண்டிச்சே."

முஸ்தாக் தலை குனிந்தான். நீண்ட கைதான். இல்லையென்று அவனால் சொல்ல முடியாது. இரண்டு ஆண்களும் தேய்ந்த டயரை நடுவில் போட்டுக்கொண்டு நின்றார்கள். ஒருவன் வாங்கியவன், ஒருவன் விற்கப்பட்டவன். இதில் யார் மேல் இரக்கப்படுவது என்று கேட்டால் எனக்கும் தெரியாது. எனக்கு இரக்கம் நஸ்லியா மேல்.

அவள் அப்போதுதான் வந்து இறங்கினாள்.

வாசலில் ஓட்டோ நின்றது. சேலை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, வயிற்றைத் தாங்கியபடி ஒரு காலை ஊன்றி மறுகாலை மெல்ல எடுத்து வைத்தாள். டயர் கடைக்குப் பெண்கள் வருவதில்லை. எதிர்க் கடைக்காரர் எழுந்து நின்று பார்த்தார்.

"டயர் போட்டாச்சா காக்கா?"

காலையில் கேட்ட அதே கேள்வி. குரலும் அதே குரல்.

"போட்டாச்சு. நீ ஏன் புள்ள இந்த மழைக்குள்ள வந்த?"

அவள் புருஷனைப் பார்த்தாள்.

"ஹொண்டாவ எடுங்க. அக்கரைப்பத்துக்குப் போவம். உங்களுக்கு வழி தெரியும்தானே."

முஸ்தாக் திரும்பி றஸாக்கைப் பார்த்தான். "ஆரு உனக்குச் சொன்ன?"

"ஒருத்தரும் சொல்லல்ல. உங்கட உடுப்புக் கழுவுறது நான். வைகாசி மாசத்தில இருந்து உங்கட சாறன்ல சேறு இல்ல. வயலுக்குப் போற மனிசன்ட சாறன்ல ஆறு மாசமாச் சேறு இல்லாட்டி அவர் எங்க போறார்? உங்களுக்குப் பேசி வெச்ச புள்ள அக்கரைப்பத்துல இரிக்கிறாள் எண்டு எனக்கு முன்னமே தெரியும்."

றஸாக் இன்றைக்கு டயரில் படித்ததை இவள் ஆறு மாசமாகக் கல்லில் அடித்து அடித்துப் படித்திருக்கிறாள். தெரியாது என்று உம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். உம்மாவுக்குத் தெரியாது என்று இவள் நினைத்திருக்கலாம். ஒரே வளவுக்குள் இரண்டு பெண்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் ஒரே விஷயத்தை ஒளித்துக்கொண்டு, ஒரே மனுஷனுக்கு மீனின் நடுத்துண்டை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"ஏழு மாசத்தோட ஹொண்டாவுல போறதா? வாணாம் புள்ள. போகத்தான் வேணும் எண்டா ஓட்டோவுல போ. நானும் வாறன்."

"ஓட்டோவுல போனா இவர் பின்னால வரமாட்டார் காக்கா. இவரும் வரணும். நீங்க குடுத்த ஹொண்டாவுலதான் போகணும்."

"சண்டைக்கா போற?"

"சண்டை பிடிக்க என்ன இரிக்கி? அந்தப் புள்ள எனக்கிட்ட இருந்து ஒண்டும் எடுக்கல்ல. நாங்கதான் அவக்கிட்ட இருந்து எடுத்த."

இடது கையால் அவள் மார்போடு ஒரு சொப்பிங் பையை அணைத்திருந்தாள். மழையில் நனையாமல் இருக்க அதை இரண்டு மடிப்பாகச் சுற்றியிருந்தாள். மெல்லிய பைக்குள்ளிருந்து ஒரு காக்கி உறை தெரிந்தது. அதன் மூலையில் நொத்தாரிசின் சிவப்பு முத்திரை.

றஸாக் அதை எங்கே கண்டாலும் அடையாளம் சொல்வான். வீட்டு உறுதிப் பத்திரம். நிக்காஹுக்கு முதல்நாள் நொத்தாரிசிடமிருந்து வாங்கி வந்து, இனி இது உன்ட ஊடு புள்ள என்று அவள் கையில் கொடுத்தவன் அவன்தான். அவனுடைய ஆறு வருஷம் முழுக்க அந்த உறைக்குள்தான் இருந்தது.

"நஸ்லியா, இது என்னத்துக்கு?"

"அவக்கிட்டக் கொண்டு போறன்."

"காட்டவா, குடுக்கவா?"

அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

முஸ்தாக் ஹொண்டாவை வீதிக்கு இறக்கினான். மறுக்க அவனிடம் ஒன்றும் மிச்சமில்லை. நஸ்லியா காக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு, பின் சீற்றில் ஒரு பக்கமாக மெல்ல ஏறி உட்கார்ந்தாள். சில்லு அவள் பாரத்தில் கொஞ்சம் அமிழ்ந்தது.

"பொறு," என்றான் றஸாக். "ரெண்டு பேருக்குக் காத்து காணாது."

காற்றுக் குழாயை இழுத்து வந்து, நனைந்த வீதியில் முழங்காலிட்டான். உறுதியைப் பிடுங்கிக்கொள்ளலாம். ஹொண்டாவின் சாவியைப் பிடுங்கிக்கொள்ளலாம். இரண்டும் அவனுடைய உழைப்புத்தான், ஆனால் இரண்டில் ஒன்றும் இப்போது அவனுடையதில்லை. பின் டயருக்குக் காற்று ஏற்றினான். கையால் அழுத்திப் பார்த்தான். இன்னும் கொஞ்சம் ஏற்றினான்.

"புது டயர்," என்றான் நிமிராமலே. "முதல் அம்பது மைல் வழுக்கும். மழை வேற."

நஸ்லியா குனிந்து அவன் தலையில் ஒட்டியிருந்த பவுடரைத் தட்டிவிட்டாள்.

"பயப்படாதீங்க காக்கா. இண்டைக்கு இவர் மெதுவாத்தான் ஓட்டுவார்."

வீட்டுக்குப் போவதென்றால் வடக்கே திரும்ப வேண்டும். ஹொண்டா தெற்கே திரும்பியது. நனைந்த தாரில் புது டயர் விட்டுப்போன இரண்டு கோடுகளையும் மழை அழித்து முடிக்கும் வரைக்கும் றஸாக் எழும்பவில்லை. அவன் கையில் காற்றுக் குழாய் சீறிக்கொண்டே இருந்தது.